55 வயது வந்தாச்சு: சேமநிதியை எடுப்பதா, விட்டு வைப்பதா?



நாம் எந்தத் தோட்டத்துக்குக் கூட்டம் நடத்தப் போனாலும், கூட்டம் முடிந்து எல்லாரும் கலையும் நேரத்தில் ஒருவராவது ஒதுங்கி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, வர்ற மாசம் எனக்கு அம்பத்தஞ்சு முடியுது. இ.பி.எஃப். காசை எடுத்துடட்டுமா, இல்லை விட்டு வைக்கட்டுமா?" அவர் கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்கிறவர் பதில் சொல்லிவிடுகிறார்: "எடுத்துடுங்கண்ணே! நாளைக்குச் சட்டத்தை மாத்திப்புட்டா கையைப் பிசைஞ்சுகிட்டு நிக்க வேண்டியதுதான்."

இந்தப் பயம் பழைய பயம்தான். ஆனால், 2025ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் 13ஆவது மலேசியத் திட்டம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட பிறகு, இது தோட்டத்துக்குத் தோட்டம் பரவிவிட்டது. சேமநிதியை ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுப்பதற்குப் பதிலாக, அதில் ஒரு பகுதியை மாதாமாதம் ஓய்வூதியம் போலக் கொடுக்கலாம் என்ற யோசனை அந்தத் திட்டத்தில் இருந்தது. அது பத்திரிகையில் வந்ததுதான் தாமதம், "நம்ம காசைப் பூட்டி வைக்கப் போறாங்க" என்று கைப்பேசியில் செய்தி பறக்க ஆரம்பித்தது.

அந்த யோசனை, சட்டம் வந்தபின் புதிதாகச் சேமநிதியில் சேருகிறவர்களுக்கு உரியது என்றும், ஏற்கனவே உறுப்பினராக இருப்பவர்கள் விரும்பினால் மட்டும் அதில் சேரலாம் என்றும் சேமநிதி வாரியம் அப்போதே விளக்கம் கொடுத்தது. பறந்த செய்தி எட்டிய வீடுகளில் பாதிக்கு இந்த விளக்கம் எட்டவில்லை. முப்பது வருடம் பால் வெட்டியும் குலை வெட்டியும் சேர்த்த தொழிலாளிக்கு 55 வயதில் தன் காசை எடுக்கும் உரிமை இருக்கிறது. அதை அந்த யோசனை தொடவில்லை.

ஆகவே நாம் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். தேவை இருந்தால் காசை எடுங்கள். பயத்தால் எடுக்காதீர்கள். தேவை வேறு, பயம் வேறு. 55 என்பது காசை எடுக்க அனுமதி கிடைக்கும் வயது. "எடுத்தே ஆக வேண்டும்" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எடுக்காமல் விட்டால் அது காலாவதி ஆகிப் போய்விடும் என்பதும் வெறும் பேச்சு. விட்டு வைத்த பணத்துக்கு 100 வயது வரையில் லாப ஈவு உண்டு. எப்போது வேண்டுமானாலும் போய் எடுக்கலாம்.

இரண்டு கதவுகள்

நம் தோட்டங்களில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. சேமநிதி எடுக்கும் வயதையும் வேலையை விடும் வயதையும் நம் மக்கள் ஒன்றாகவே நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. 1951ஆம் ஆண்டில் சேமநிதிச் சட்டம் வந்தது. நம் தகப்பன்மார் காலத்தில் 55 வயது ஆனால் சேமநிதியும் கிடைக்கும், ஆபீசில் கணக்கும் முடிப்பார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால், "அம்பத்தஞ்சு ஆச்சு, கணக்கு முடிஞ்சது" என்பது தோட்டத்தில் ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

இன்றைய சட்டம் அப்படி இல்லை. 2013 ஜூலை 1ஆம் நாள் முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. தோட்டமும் தனியார் துறைதான். "உனக்கு வயசாயிடுச்சு, போய் வா" என்று 60க்கு முன் ஒரு நிர்வாகம் அனுப்பினால் அது குற்றம். அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. அப்படி அனுப்பப்பட்டவர் 60 நாட்களுக்குள் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வேண்டும். நாள் தவறினால் நியாயம் கிடைப்பது கஷ்டம்.

அதாவது, சேமநிதிக் கதவு 55இல் திறக்கிறது. வேலைக் கதவு 60 வரையில் மூடக் கூடாது. ஒரு கதவு திறந்துவிட்டது என்பதற்காக இன்னொரு கதவை நாமே சாத்திக்கொள்ள வேண்டுமா? சேமநிதியை எடுப்பதற்கு வேலையை விட வேண்டிய அவசியம் இல்லை. வேலை செய்துகொண்டே எடுக்கலாம். வேலை செய்துகொண்டே விட்டும் வைக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "55இல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு. காசை எடுத்துக்கொள். அடுத்த மாதமே உன்னைக் காண்டிராக்டில் மறுபடியும் எடுத்துக்கொள்கிறோம்" என்று சில இடங்களில் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். ஆனால், 24 மாதத்துக்கு மேற்படாத ஒப்பந்த வேலைக்கு இந்த ஓய்வு வயதுச் சட்டம் பொருந்தாது. நிரந்தரத் தொழிலாளியாக இருந்தபோது 60 வரையில் உங்களை அசைக்க முடியாது. கையெழுத்துப் போட்டு ஒப்பந்தக்காரராக உள்ளே வந்தால், ஒப்பந்தம் முடிந்த அன்று சட்டம் உங்களுக்குத் துணை வராது. பழைய சர்வீசும் போச்சு. ஆகவே ராஜினாமாக் கடிதம் என்ற காகிதத்தைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் தோட்டக் கமிட்டித் தலைவரைத் தேடிப் போங்கள்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. இந்த மண்ணிலேயே பிறந்து, சிவப்பு அடையாள அட்டையோடு உழைத்துக் கொண்டிருக்கும் நம் பெரியவர்களுக்கு இது இன்னொரு அநியாயம். அதை வேறொரு வாரம் விரிவாகப் பேசுவோம்.

காசு எங்கே போய் உட்காருகிறது?

55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2024 மே 11 முதல் மூன்று கணக்குகள் இருக்கின்றன. கட்டுகிற சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்கிலும், 15 விழுக்காடு சிஜாத்ரா கணக்கிலும், 10 விழுக்காடு எந்த நேரமும் எடுக்கக்கூடிய பிளக்சிபல் கணக்கிலும் சேருகிறது. 55 வயது முடிந்தவுடன் இந்த மூன்றும் ஒன்றாகி 'அக்காவுன் 55' என்ற ஒரே கணக்காகிவிடும். அதில் உள்ளதை முழுவதும் எடுக்கலாம், ஒரு பகுதி எடுக்கலாம், மாதாமாதம் இவ்வளவு என்று கேட்டு வாங்கலாம். இந்தக் கடைசி இரண்டு வழிகள் இருப்பதே நம்மில் பல பேருக்குத் தெரியாது. முகப்பில் போய் "எல்லாத்தையும் எடுக்கணும்" என்று சொன்னால் எல்லாவற்றையும்தான் கொடுப்பார்கள். "கொஞ்சம் எடுக்கணும்" என்று கேட்டால் கொஞ்சம் கொடுப்பார்கள். கேட்பது நம் கையில்தான் இருக்கிறது.

55க்குப் பிறகு தொடர்ந்து வேலை செய்தால், அன்று முதல் கட்டும் சந்தா 'அக்காவுன் எமாஸ்' என்ற தனிக் கணக்கில் சேரும். இதை 60 வயதில்தான் எடுக்க முடியும். இந்த ஏற்பாடு 2017 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் 2015இல், முழுத் தொகையை எடுக்கும் வயதையே 60 ஆக்கலாமா என்று வாரியம் உறுப்பினர்களைக் கேட்டது. பெரும்பாலோர் 55ஐத் தொட வேண்டாம் என்றார்கள். அதன்படியே 55 அப்படியே இருந்துவிட்டது. "கவர்மெண்டு எப்ப வேணும்னாலும் பிடுங்கிக்கும்" என்று பேசுகிறவர்கள் இந்தச் சம்பவத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தொழிலாளர்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தால் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்வார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வாய்ப்பேச்சு வேண்டாம், பென்சில் எடுத்துக் கணக்குப் போடுவோம். இரண்டு தொழிலாளிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 55 வயது. இருவருக்கும் சேமநிதியில் 60,000 வெள்ளி இருக்கிறது. சம்பளம், 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி.

முதலாமவர் 60,000 வெள்ளியையும் எடுத்துவிட்டு வேலையையும் விட்டுவிடுகிறார். மாதம் 500 வெள்ளிதான் செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 120 மாதம், அதாவது பத்து வருடம். 65 வயதில் கை காலி. மகள் கல்யாணத்துக்கு 20,000, மகன் காருக்கு முன்பணம் 10,000 என்று நடுவில் போனால், மீதி 30,000. அது 60 வயதிலேயே தீர்ந்துவிடும். "இருந்து தின்றால் குன்றும் கரையும்" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இந்த நாட்டில் இன்று ஆண்கள் 70 தாண்டியும், பெண்கள் 75 தாண்டியும் வாழ்கிறார்கள். காசு தீர்ந்த பிறகு மிச்சம் இருக்கும் அந்தப் பத்து, பதினைந்து வருடம் யார் சோறு போடுவது?

இரண்டாமவர் காசைத் தொடாமல் 60 வரையில் வேலை செய்கிறார். ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்துக்கொண்டால், 60,000 வெள்ளி ஐந்து வருடத்தில் 76,500 வெள்ளிக்கு மேல் ஆகும். அதோடு மாதச் சந்தா இருக்கிறது. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. இரண்டும் சேர்ந்து மாதம் 408. அறுபது மாதத்துக்கு 24,480 வெள்ளி. ஆக மொத்தம் 60 வயதில் அவர் கையில் 101,000 வெள்ளிக்கு அருகில் இருக்கும். அதே மாதம் 500 வெள்ளி என்று எடுத்தால், லாப ஈவைக் கணக்கில் சேர்க்காமலே 16 வருடத்துக்கு மேல், 76 வயது தாண்டி வரும்.

5 விழுக்காடு என்பது நாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். 2020இல் 5.20, 2021இல் 6.10, 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு என்று கொடுத்தார்கள். எவ்வளவு மோசமான ஆண்டாக இருந்தாலும் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த 2.5 விழுக்காட்டிலேயே பார்த்தாலும் இரண்டாமவர் கையில் 60 வயதில் 92,000 வெள்ளிக்கு மேல் இருக்கும்.

இன்னும் எளிமையாகச் சொன்னால், 2024இல் 60,000 வெள்ளிக்குக் கிடைத்த லாப ஈவு 3,780 வெள்ளி. மாதத்துக்கு 315 வெள்ளி. முதலைத் தொடாமலே வந்த காசு. வங்கியில் போட்டால் பொதுவாக இவ்வளவு கிடைப்பதில்லை. வீட்டு அலமாரியில் வைத்தால் கரையான்தான் மிச்சம்.

வீடு என்றால் நியாயமான தேவை

"ஐயா, கணக்கெல்லாம் சரிதான். லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்கே போறது?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு முன்னால் எந்தக் கணக்கும் கொஞ்சம் தலைகுனியத்தான் வேண்டும். பட்டணத்துத் தொழிலாளி வேலையை விட்டால் சம்பளம்தான் போகும். தோட்டத் தொழிலாளி வேலையை விட்டால் சம்பளத்தோடு வீடும் போகும். மாட்டுக் கொட்டகை, வாழை மரம், கோவில் திருவிழா எல்லாவற்றையும் விட்டுவிட்டு லோரியில் சாமான் ஏற்ற வேண்டும்.

ஆகவே சொந்த வீட்டுக்காகச் சேமநிதியிலிருந்து எடுப்பதை நாம் தவறு என்று சொல்ல மாட்டோம். 55 வரையில் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வீடு வாங்குவதற்கும் வீட்டுக் கடனைக் குறைப்பதற்கும் முன்னமே எடுக்க வழி உண்டு. 50 வயதில் சிஜாத்ரா கணக்கில் உள்ளதை எடுக்கவும் முடியும். 45 வயதிலேயே மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பம் போட்டு வைத்தவர், 55இல் அவசரப்பட மாட்டார். இதை இளைய தொழிலாளிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மேலே சொன்ன 60,000 வெள்ளிக்காரர், வீட்டுக்காக 30,000 வெள்ளி எடுத்துக்கொண்டு மீதி 30,000ஐ விட்டு வைத்து 60 வரையில் வேலை செய்தால், அதே 5 விழுக்காட்டுக் கணக்கில் 62,000 வெள்ளிக்கு மேல் திரும்பச் சேர்ந்துவிடும். வீடும் இருக்கும், காசும் இருக்கும். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பது இதற்குத்தான். எடுக்கும்போதும் அளந்து எடுங்கள்.

பழைய தலைமுறை இதை நமக்குச் செய்து காட்டியிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்த நேரத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்கள் கட்டிய காசுதான் பிறகு தோட்டங்களையே வாங்கியது. அன்றைக்குப் பத்து வெள்ளியைப் பொறுமையாகச் சேர்த்தவர்களின் பிள்ளைகள் நாம். ஐந்து வருடம் பொறுக்க நமக்குத் தெரியாதா?

உடம்பு முடியாதவர்கள் முதலில் எங்கே போக வேண்டும்?

60 வரையில் வேலை செய்யுங்கள் என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்வது சுலபம். உயர்ந்த செம்பனை மரத்தில் நீளக் கம்புக் கத்தியைத் தூக்கிக் குலை வெட்டுகிறவர் கழுத்தும், குலையைச் சுமக்கிறவர் முதுகும், மருந்து அடிக்கிற அக்காமாரின் நெஞ்சும் 55இல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். எல்லாராலும் முடியாது. முடியாதவர்களை நாம் வற்புறுத்தவில்லை. ஓய்வு வயதை 65 ஆக்கலாம் என்று ஆபீஸ் வேலைக்காரர்கள் பேசும்போது, குலை வெட்டுகிறவனை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றுதான் நாம் சொல்லி வருகிறோம்.

ஆனால் உடம்பு முடியாதவர் முதலில் ராஜினாமா எழுதக் கூடாது. முதலில் நிர்வாகத்திடம் இலேசான வேலை கேட்க வேண்டும். அடுத்து மருத்துவமனைச் சான்றுகளைச் சேர்த்துக்கொண்டு பெர்கேசோவுக்குப் போக வேண்டும். நாம் பழக்கத்தில் சொக்சோ என்று சொல்வதுதான் அது. சொக்சோ என்றால் வேலையில் அடிபட்டால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வேலையில் அடிபடாமல், நோயினால் சம்பாதிக்க முடியாமல் போனவருக்கும் அங்கே இயலாமைப் பென்ஷன் உண்டு. சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாதாமாதம் கொடுப்பார்கள். விண்ணப்பிப்பதற்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருந்தால் முழுப் பென்ஷனுக்குத் தகுதி உண்டு. மருத்துவக் குழு பரிசோதித்து முடிவு சொல்லும். பென்ஷன் வாங்குகிறவர் இறந்தால் மனைவி மக்களுக்கும் அது தொடரும்.

இதில் வயது முக்கியம். இந்தத் திட்டம் 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. 60க்கு மேல் வேலை செய்கிறவருக்கு வேலை விபத்துப் பாதுகாப்பு மட்டும்தான். ஆகவே 57இல் சர்க்கரை நோயினால் கால் போனவர், "இ.பி.எஃப். காசு இருக்கே" என்று அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு 61 வயதில் சொக்சோ கதவைத் தட்டினால், நோய் 60க்கு முன்பே வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டி வரும். தீர்ந்து போகிற காசைத் தொடுவதற்கு முன், தீராத மாதப் பென்ஷனுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 வெள்ளி. அது 60 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் இல்லாத வறியவர்களுக்கு. தகுதி உள்ளவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் அதை நம்பிச் சேமநிதியைக் கரைக்காதீர்கள்.

காசின் வாசனை

55 வயது ஆன வீட்டுக்கு உறவு அதிகமாகும். அது இயற்கை. மகனுக்கு மோட்டார் சைக்கிள் கடன், மருமகனுக்குத் தொழில், தம்பிக்கு வட்டிக்கடன். அதோடு, "மாதம் பத்து விழுக்காடு லாபம்" என்று பளபளக்கும் சட்டைக்காரர் ஒருவரும் வருவார். பத்து விழுக்காடு லாபம் உண்மையானால் அவர் ஏன் நம் லயத்துக்கு வருகிறார் என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

சேமநிதியில் இருக்கும் காசுக்கு ஒரு விசேஷம் உண்டு. கடன்காரன் எவனும் அதைத் தொட முடியாது. நீதிமன்றம் போனாலும் முடியாது. சட்டமே வேலி போட்டிருக்கிறது. எடுத்து வங்கிக் கணக்கில் போட்ட அடுத்த நிமிடம் அந்த வேலி இல்லை. வட்டிக்காரனுக்கும் தெரியும், உறவுக்காரனுக்கும் தெரியும். "இன்னும் எடுக்கலை" என்று சொல்வது நம் தாய்மார்களுக்கு ஒரு நல்ல பதில். அது பொய்யும் ஆகாது.

இப்போது பாதி வேலை கைப்பேசியிலேயே நடக்கிறது. பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லலாம். இரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. சேமநிதி எடுப்பதற்கு ஏஜெண்ட் தேவையில்லை. யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம். பால் வெட்டித் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள். முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

வாரிசுப் பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருப்பீர்கள். அம்மா இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். அப்படியே விட்டுவிட்டால், நாளை ஏதாவது நடந்தால் உங்கள் மனைவி காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீசு ஆபீசாக அலைய வேண்டும். பெயர் மாற்றுவதற்கு ஒரு நாள் போதும்.

குற்றம் தொழிலாளியுடையதா?

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். 55 வயதில் 240,000 வெள்ளி வேண்டும், மாதம் 1,000 வீதம் இருபது வருடத்துக்கு வரும் என்று சேமநிதி வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது. நம் தோட்டத்தில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்றே 2013இல்தான் வந்தது. அப்போது தீபகற்பத்தில் 900 வெள்ளி. அதற்கு முன் மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் சம்பளம் இல்லை. அந்தச் சம்பளத்தில் பிடித்த சந்தா எவ்வளவு பெருகும்? போதாததற்கு, நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரையில் நாடு முழுவதும் சுமார் 145 பில்லியன் வெள்ளியை மக்கள் சேமநிதியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். பசிக்கு எடுத்தவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம்.

மாதாமாதம் கொடுக்கும் திட்டம் நல்லதா, கெட்டதா என்று நம்மைக் கேட்டால், மாதாமாதம் கொடுக்க முதலில் பானையில் அரிசி இருக்க வேண்டும் என்போம். 30,000 வெள்ளியை இருபது வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 125 வெள்ளி. அதற்குப் பெயர் ஓய்வூதியமா? சம்பளம் உயர வேண்டும். தோட்டத்தை விட்டுப் போகும்போது சொந்த வீடு இருக்க வேண்டும். அரசாங்கமும் முதலாளிமாரும் இந்த இரண்டையும் செய்தால், சேமநிதியை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு நம் தொழிலாளி தானே நல்ல பதில் சொல்லுவார்.

அது வரும் வரையில், பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு காரியம் செய்யுங்கள். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, முதலாளி மாதந்தோறும் சந்தா கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று எழுதி வையுங்கள். உடம்பு முடியவில்லை என்றால் முதலில் பெர்கேசோவைக் கேளுங்கள். மனைவியோடு, கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் காசில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது.

பிறகும் சந்தேகம் இருந்தால் சங்கக் கிளைக்கு வாருங்கள். எடுத்த காசைத் திரும்ப வைப்பது கஷ்டம். எடுக்காத காசை நாளைக்கும் எடுக்கலாம்.